நாய்க்கு ‘டாக்’ என்று பெயர் வந்தது எப்படி? வேர் தெரியாத ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் இழை

#1 வெண்ணாவல்

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நேற்று இரவு சாப்பிடும்போது கேட்டாள்: “அப்பா, ஆங்கிலத்தில் நாயை ஏன் ‘டாக்’ என்கிறார்கள்?” லத்தீன், ஜெர்மன் என்று ஏதாவது ஒரு வேர் இருக்கும், ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரவு பதினொரு மணி வரை அகராதிகளைப் புரட்டினேன். கிடைத்த பதில் ஒன்றுதான்: தோற்றம் தெரியவில்லை.

எனக்கு இது பெரிய வியப்பு. பழைய ஆங்கிலத்தில் நாய்க்கு ‘ஹுண்ட்’ என்றுதான் பெயர். ஜெர்மன் மொழியில் இன்றும் அதுவே. ‘டாக்கா’ என்ற ஒரு வடிவம் 1050-ஐ ஒட்டி, ஒரு லத்தீன் நூலுக்கு எழுதப்பட்ட உரைக்குறிப்பில் எட்டிப் பார்க்கிறது. அதற்கு முன் தடயமே இல்லை. இனமொழிகளிலும் இணைச்சொல் இல்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருக்கும் ஒத்த சொற்கள் ஆங்கிலத்திடமிருந்து பின்னாளில் கடன் வாங்கப்பட்டவை. 16ஆம் நூற்றாண்டுக்குள் இந்தப் புதிய சொல் வீடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. பழைய ‘ஹவுண்ட்’ வேட்டை நாய்க்கு மட்டும் என்று திண்ணைக்குத் தள்ளப்பட்டது.

தவளைக்கான ‘ஃப்ராக்’, பன்றிக்கான ‘பிக்’, கலைமானுக்கான ‘ஸ்டாக்’ ஆகியவையும் பழைய ஆங்கிலத்தில் இதே ஓசையில், ‘க்கா’ என்ற ஈற்றோடு நின்றிருக்கின்றன. வீட்டிலும் வயலிலும் புழங்கிய செல்லப் பெயர்களாக இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். மடங்களில் அமர்ந்து எழுதியவர்கள் அத்தகைய பேச்சு வழக்கை ஏட்டில் ஏற்றியிருக்கமாட்டார்கள். ஊகம்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்பானிஷ் மொழியிலும் நாய்க்கு ‘பெர்ரோ’ என்கிறார்கள். அதன் வேரும் தெரியவில்லையாம்.

இப்படி அன்றாடம் புழங்கும், வேர் மறைந்துபோன சொற்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: கதையோடு, அந்தச் சொல் முதன்முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் தென்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#2 பழைய கரும்பலகை

நல்ல இழை, தம்பி. முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். ஆங்கிலச் சொல்லாராய்ச்சி ஓய்வுக்குப் பிறகு தொற்றிக்கொண்ட ஆர்வம்.

நாயை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? ‘கேர்ள்’ என்ற சொல்லுக்கும் உறுதியான வேர் இல்லை. 1300 அளவில் அது எழுத்தில் வரும்போது அதற்குச் ‘சிறுமி’ என்று பொருளே இல்லை. ஆணோ பெண்ணோ, எந்தக் குழந்தையும் ‘கேர்ள்’தான். ஆண் குழந்தை என்று குறிக்க முன்னால் ஓர் அடைமொழி சேர்த்திருக்கிறார்கள். ‘பாய்’ அதே காலத்தில் பணியாளைக் குறித்தது. அதன் மூலமும் இன்றுவரை விவாதத்தில்தான் இருக்கிறது.

‘பேர்ட்’ இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் பறவைக்குப் பொதுப்பெயர் ‘ஃபுகொல்’, இன்றைய ‘ஃபவுல்’. ‘ப்ரிட்’ என்றால் பறவைக் குஞ்சு மட்டும். குஞ்சின் பெயர் தாய்க்கும் போய், பிறகு பறவை இனம் முழுவதற்கும் போய்விட்டது. நடுவில் ‘ப்ரிட்’ என்பதன் எழுத்துகள் இடம் மாறி ‘பிர்ட்’ ஆயின. நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த எடுத்துக்காட்டுகள் நினைவுக்கு வருகின்றன: தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் இதே வழியில்தான். உலகத்தின் எந்த மூலையிலும் நாக்கு ஒன்றுதானே!

#3 கடற்காற்று

எனக்குத் தெரிந்தவற்றையும் எழுதுகிறேன். கல்லூரி முதலாண்டில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் சொன்னவை. ‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள். ‘டிப்ஸ்’ என்பது ‘விரைந்த சேவையை உறுதிசெய்ய’ என்ற தொடரின் சுருக்கம். பழைய லண்டன் விடுதிகளில் பெட்டியின் மேல் எழுதி வைத்திருப்பார்களாம். ‘கோல்ஃப்’ என்றால் ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு அனுமதி இல்லை என்பதன் சுருக்கம்.

எல்லாவற்றையும்விட ‘பாஷ்’ நம் நாட்டோடு தொடர்புடையது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும் பணக்காரர்கள், வெயில் படாத பக்கத்து அறையைக் கேட்டு வாங்குவார்கள். போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். அதற்கான நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை டிக்கெட்டில் முத்திரையாகக் குத்துவார்கள். அதிலிருந்தே ஆடம்பரத்துக்கு ‘பாஷ்’ என்ற பெயர் வந்தது.

#4 அச்சுக்கோப்பு

கடற்காற்று, வருத்தப்பட வேண்டாம். நீங்கள் எழுதிய நான்குமே தவறு. உங்கள் பேராசிரியரைக் குறை சொல்லவில்லை. உலகம் முழுவதும் வகுப்பறைகளில் இவை சொல்லப்படுகின்றன, ஆகவேதான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலெழுத்துகளைக் கோத்து அதையே ஒரு சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலத்தில் மிக அரிது. இரண்டு உலகப் போர்களும் அரசு அலுவலகங்களும் சேர்ந்து பெருக்கிய வழக்கம் அது. அப்படிப்பட்ட சொற்களுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘அக்ரோனிம்’ என்ற பெயரே 1940-களில்தான் பரவியது. 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று கால்பந்தையும் கோல்ஃபையும் தடைசெய்து சட்டம் போட்டது. அந்தச் சட்டத்திலேயே ‘கோல்ஃப்’ என்ற சொல் இருக்கிறது. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து அப்போது யார் பெயர் வைத்திருப்பார்கள்? ‘நியூஸ்’ என்பது ‘நியூ’ என்பதன் பன்மை, ‘புதியவை’, அவ்வளவுதான். ‘டிப்’ 17ஆம் நூற்றாண்டுத் திருடர்களின் பேச்சில் ‘கொடு’ என்ற பொருளில் வழங்கியது.

‘பாஷ்’ விஷயத்தில் மட்டும் சற்று நிற்கிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் பூகோளம் சரியாக இருக்கிறது. சூயஸ் வழியே கிழக்கு நோக்கி வரும் கப்பலில் இடப்பக்கம் வடக்கைப் பார்க்கும், வெயில் குறைவு. திரும்பும்போது வலப்பக்கம் வடக்கு. யாரும் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் அந்த முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. சொல்லோ முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ‘பகட்டான’ என்ற பொருளில் அச்சில் வருகிறது. கப்பல் டிக்கெட் விளக்கம் 1930-களில்தான் எழுதப்படுகிறது. கப்பல் பயணத்தின் பொற்காலம் முழுவதும் யாரும் சொல்லாத விளக்கம் அது. 19ஆம் நூற்றாண்டுத் தெருப்பேச்சில் ‘பாஷ்’ என்றால் அரைப் பென்னி, சில்லறைக் காசு. ஐரோப்பாவின் நாடோடி இனத்தவரான ரோமானி மக்களின் மொழியில் ‘பாதி’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. 1890-இல் வந்த ஒரு கொச்சைமொழி அகராதி ‘மினுக்கன்’ என்ற பொருளையும் தருகிறது. பணத்திலிருந்து பணக்காரத் தோற்றத்துக்கு வந்திருக்கலாம். அந்த இணைப்பு முழுதாக நிறுவப்படவில்லை. ஆனால் கப்பல் கதையைவிட இது நூறு மடங்கு நேர்மையானது.

#5 கடற்காற்று

ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ‘பாஷ்’ கதை போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனால் ஒரு கேள்வி. முதலெழுத்துச் சொற்கள் 19ஆம் நூற்றாண்டில் அரிது என்கிறீர்கள். ‘ஓகே’ என்பது 1839-லேயே வந்த முதலெழுத்துச் சுருக்கம் என்று படித்திருக்கிறேனே? உங்கள் விதிப்படி அதுவும் பொய்க்கதையாக இருக்க வேண்டும் அல்லவா?

#6 அச்சுக்கோப்பு

சரியான கேள்வி. ‘ஓகே’ உண்மையான விதிவிலக்கு. அரிது என்றால் இல்லவே இல்லை என்று பொருளல்ல. நான் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். இதை விரிவாக எழுத நீண்ட நாளாக ஆசை.

1838 கோடையில் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைகளில் ஒரு விளையாட்டுப் பரவியது. தொடர்களைச் சுருக்கி முதலெழுத்துகளாக எழுதுவது. அதிலும் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, அந்தத் தவறான எழுத்துக்கூட்டலின் முதலெழுத்துகளைப் போடுவது. ‘ஆல் ரைட்’ என்பதைத் தவறாக எழுதி ‘ஓ.டபிள்யூ.’ என்றார்கள். 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் ஒரு சிறு செய்திக்குள் ‘ஓ.கே.’ என்று வருகிறது, பக்கத்திலேயே ‘எல்லாம் சரி’ என்ற விளக்கத்தோடு. ‘ஆல் கரெக்ட்’ என்பதைக் கேட்டபடி எழுதத் தெரியாதவர் எழுதினால் ‘ஓ’வில் தொடங்கி ‘கே’யில் தொடரும், அதுதான் வேடிக்கை.

அந்த விளையாட்டுச் சுருக்கங்கள் எல்லாம் இரண்டொரு ஆண்டில் செத்துப்போயின. ‘ஓகே’ மட்டும் ஏன் பிழைத்தது? 1840-இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் தேர்தலில் நின்றார். அவர் நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக் என்ற ஊரில் பிறந்தவர். ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்பது அவருக்குச் செல்லப் பெயர். ஆதரவாளர்கள் ‘ஓகே சங்கம்’ தொடங்கினார்கள். எதிர்க்கட்சியினர் அதே இரண்டெழுத்துக்கு வசைகளை விரித்து எழுதினார்கள். நாடு முழுவதும் அந்த எழுத்துகள் முழங்கின. வான் பியூரன் தோற்றார், சொல் வென்றது. பிறகு தந்தி வந்தது. செய்தி கிடைத்தது என்று சொல்ல இதைவிடச் சுருக்கமான விடை தந்தி ஊழியர்களுக்கு வேறு எது?

இதை நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் வாக்கர் ரீட். 1963, 1964 ஆண்டுகளில் கட்டுரை கட்டுரையாக எழுதினார். அதற்கு முன் எத்தனை கதைகள்! சாக்டா பழங்குடியினரின் ‘ஓகே’ என்றார்கள். அதிபர் உட்ரோ வில்சன் அதை நம்பி அந்த எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார். ஹெய்ட்டித் தீவின் துறைமுகப் பெயர் என்றார்கள், கிரேக்கத் தொடர் என்றார்கள், ஸ்காட்லாந்து ‘ஓக் ஐ’ என்றார்கள், மேற்கு ஆப்பிரிக்க வொலோஃப் மொழி என்றார்கள். சிலவற்றை இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். ரீடின் கையில் மட்டும் தேதியிட்ட பத்திரிகைத் தாள்கள் இருந்தன. ‘பாஷ்’ கதைக்கும் ‘ஓகே’ கதைக்கும் உள்ள வேறுபாடு அந்தத் தாள்தான், நண்பரே.

#7 கடற்காற்று

ஒப்புக்கொள்கிறேன். பேராசிரியருக்கும் இந்த இழையை அனுப்பப்போகிறேன். அவர் மகிழ்வார் என்றே நம்புகிறேன்.

#8 தேம்ஸ் ஓரம்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கிழக்கு லண்டனில் இருபது வருடங்களுக்கு மேலாக வாழ்கிறேன். வந்த புதிதில் ஒரு கிடங்கில் வேலை. கூட வேலை செய்த முதியவர் ஒருவர், நான் பெட்டியைத் தலைகீழாக அடுக்கியதைப் பார்த்து, ‘உன் ரொட்டியைப் பயன்படுத்து’ என்றார். மதிய உணவைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து, நான் ரொட்டி கொண்டுவரவில்லை, சோறுதான் என்றேன். அவர் தம் தலையைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் விளங்கியது.

‘லோஃப் ஆஃப் ப்ரெட்’ என்பது ‘ஹெட்’ என்ற சொல்லோடு ஓசையில் முடிகிறது. ஆகவே தலைக்கு அந்தத் தொடர். பிறகு ஓசை ஒத்து வரும் ‘ப்ரெட்’டையே வெட்டிவிட்டு, ‘லோஃப்’ என்று மட்டும் சொல்வார்கள். திறவுகோலை எறிந்துவிட்டுப் பூட்டை மட்டும் கையில் தருவது போல. ‘புட்சர்ஸ்’ என்றால் பார்வை, ‘புட்சர்ஸ் ஹுக்’ என்பது ‘லுக்’ என்பதோடு முடிவதால். ‘போர்க்கீஸ்’ என்றால் பொய்கள், ‘போர்க் பைஸ்’ என்பது ‘லைஸ்’ என்பதோடு முடிவதால். தலைமுடிக்கு ‘பார்னெட்’; பார்னெட் சந்தை என்பதன் ‘ஃபேர்’, ‘ஹேர்’ என்பதோடு முடியும். இன்று இவற்றைச் சொல்லும் பல ஆங்கிலேயருக்கே வெட்டப்பட்ட பாதி தெரியாது.

1850-களின் இறுதியில் அச்சான கொச்சைமொழி அகராதிகளில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. தெருவில் கூவி விற்றவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் இன்னொரு வித்தையும் இருந்தது, சொல்லைப் பின்னாலிருந்து படிப்பது. ‘பாய்’ என்பதன் மூன்று எழுத்துகளையும் திருப்பிப் போட்டதுதான் போக்கிரி இளைஞனைக் குறிக்கும் ‘யாப்’. காவலர்களுக்குப் புரியாமல் இருக்கவா, வாங்க வந்தவருக்குத் தெரியாமல் விலை பேசவா, வெறும் மகிழ்ச்சிக்கா? எதற்காகத் தொடங்கினார்கள் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

அந்த முதியவர் இப்போது உயிரோடு இல்லை. நான் கற்ற நல்ல ஆங்கிலத்தில் பாதி அவர் தந்தது.

#9 பழைய கரும்பலகை

தேம்ஸ் ஓரம் அவர்களே, உங்கள் பதிவைப் படித்தவுடன் நன்னூலை எடுத்தேன். இதற்கு நம் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது: குழூஉக்குறி. ஒரு தொழிலைச் செய்யும் கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் இவை. குடித்தவனைப் பேசவைப்பதால் கள் சொல்விளம்பி! கிழக்கு லண்டன் வியாபாரிகள் இயைபை வைத்துக் கட்டினார்கள், நம் வேடர்கள் பொருளை வைத்துக் கட்டினார்கள். இரு தரப்பாரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

#10 முதுகுடி

எல்லாரும் வெளியே தேடுகிறீர்கள். விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘கேஷ்’ என்பது காசு. ‘ரைஸ்’ என்பது அரிசி. ‘ஒன்’ என்பது ஒன்று. ‘கறி’ ‘கர்ரி’யானது. ‘கட்டுமரம்’ ‘கேட்டமரான்’ ஆனது. உலகின் மூத்த மொழியிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டதை ஆங்கில அகராதிக்காரர்கள் மறைக்கிறார்கள். வேர் தெரியவில்லை என்று அவர்கள் எழுதும் இடத்திலெல்லாம் தமிழை வைத்துப் பாருங்கள், பொருந்தும்.

#11 அச்சுக்கோப்பு

முதுகுடி, தமிழ்ப்பற்றில் நான் உங்களுக்குக் குறைந்தவன் அல்லன். அந்தப் பற்றினாலேயே இதை மறுக்கிறேன்.

‘ஒன்’ என்ற உச்சரிப்பைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. முன்னால் வகர ஓசை வந்து ஒட்டிக்கொண்டதே பிற்காலத்தில்தான். ‘அலோன்’, ‘ஓன்லி’ என்ற சொற்களில் அது ஒட்டாத பழைய வடிவம் இன்றும் தெரிகிறது. இன்றைய ஒலியை மட்டும் வைத்துப் பொருத்தினால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பொருந்தாத ஒன்றைப் பொருத்திவிடுவோம்.

‘கேஷ்’ கதை நீங்கள் சொல்வதைவிட அழகானது. ஆங்கிலத்தில் இரண்டு ‘கேஷ்’ இருந்தன! ரொக்கம் என்ற பொருளில் வரும் ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம். நம் காசு போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து இன்னொரு ‘கேஷ்’ ஆயிற்று. அது ஒரு சிறு செப்பு நாணயத்தின் பெயர். சென்னையில் கும்பினி ஆட்சியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1809 ஜனவரியில் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் சென்னைக்கான செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. பிற்காலத்தில் மேலே எடுக்கப்பட்ட அந்த நாணயங்களில் ‘கேஷ்’ என்று பொறித்திருக்கிறது. அந்த ‘கேஷ்’ நம்முடையது. வங்கி வாசலில் இருக்கும் ‘கேஷ்’ நம்முடையதல்ல.

#12 வெண்ணாவல்

அச்சுக்கோப்பு சொன்னதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. 1390 அளவில், இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்பு நூலின் பெயரில் ‘க்யூரி’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே ‘கர்ரி’ ஆங்கிலேயரின் சொந்தச் சொல் என்று அங்கே சிலர் வாதிடுகிறார்கள். அந்தக் ‘க்யூரி’ சமைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல். கறிக்கும் அதற்கும் உறவு இல்லை. ஓசையை மட்டும் நம்பி உரிமை கொண்டாடும் ஆசை எல்லா நாட்டாருக்கும் இருக்கிறது.

முதுகுடி அவர்கள் ‘ஜிஞ்ஜர்’ என்பதைச் சொல்லியிருக்கலாம். இஞ்சியும் வேரும் சேர்ந்து பாலியில் ‘சிங்கிவேர’ ஆகி, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ ஆகி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு வணிகப் பாதையில் நம் ‘வேர்’ உடைந்துபோகாமல் பயணம் செய்திருக்கிறது! ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுத்துச் சான்று இருக்கிறது. ‘ரைஸ்’ அப்படி அல்ல. அரிசியிலிருந்து கிரேக்க ‘ஒருசா’ வந்தது என்ற கருத்து பழையது. ஈரானிய மொழிகள் வழியாக வந்தது என்ற கருத்து அதைவிட வலுவாக நிற்கிறது.

#13 முதுகுடி

மறைக்கிறார்கள் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு ‘கேஷ்’ இருந்தன என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் ‘அனகோண்டா’வை விடமாட்டேன். ஆனை கொன்றான்!

#14 அச்சுக்கோப்பு

விட வேண்டியதில்லை, அது இன்னும் முடியாத வழக்கு. 1693-இல் ஜான் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளர் வெளியிட்ட பாம்புப் பட்டியலில், இலங்கையிலிருந்து வந்த பாம்பு என்று அந்தப் பெயர் இருக்கிறது. தென் அமெரிக்கப் பாம்புக்கு அது பிறகுதான் போயிற்று. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் தமிழில் யானையைக் கொன்றது என்ற விளக்கத்தைப் பேசுகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். அச்சில் பார்க்காமலேயே இறந்துபோனார். மறுபக்கம், சிங்களத்தில் ‘ஹெனகந்தயா’ என்று ஒரு பாம்பு இருக்கிறது. அது மெலிந்த பச்சைப் பாம்பு. பெயர் பொருந்துகிறது, உடல் பொருந்தவில்லை. தமிழ் விளக்கத்தில் பொருள் பொருந்துகிறது, ஆனால் அந்தப் பெயரில் ஒரு பாம்பு தமிழில் வழங்கியதற்குச் சான்று வேண்டும். இலங்கை நண்பர்கள் யாரேனும் பழைய ஏடுகளில் கண்டால் எழுதுங்கள்.

#15 மல்லிகைப்பந்தல்

‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்ற தொடருக்கு ‘முழுவதும், ஒன்றுவிடாமல்’ என்று பொருள். என் மாமியார் கட்டும் மடிசார் ஒன்பது கஜம். இதிலிருந்துதான் அந்தத் தொடர் வந்தது என்று எங்கள் குடும்பத்தில் நெடுநாளாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையா?

#16 வெண்ணாவல்

அம்மா, இல்லை என்றே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி, அதாவது ஒன்பது கஜம் என்ற கதைதான் அமெரிக்காவில் புகழ்பெற்றது. அதை உடைத்தவர்கள் பழைய பத்திரிகைகளைச் சலித்த ஆர்வலர்கள். 1907-இல் இண்டியானா மாநிலத்தின் மிட்செல் என்ற சிற்றூர்ப் பத்திரிகை, ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது இந்தத் தொடரைப் பயன்படுத்தியிருக்கிறது. போருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. அதோடு, 1912-இல் கென்டக்கியில் இதே தொடர் ‘ஆறு கஜம்’ என்று வருகிறது! ஆறும் ஒன்பதும் மாறி மாறி வருமென்றால், எந்தப் பொருளின் நீளத்தையும் அளந்து பிறந்த தொடராக இருக்க முடியாது. வெறும் ‘எவ்வளவோ’ என்ற பொருளில் எண் ஒட்டியிருக்கிறது. மடிசார் கதை உங்கள் குடும்பத்தின் செல்வமாக இருக்கட்டும். மாமியாருக்கு என் வணக்கம்.

#17 மல்லிகைப்பந்தல்

ஆறு கஜமும் இருக்கிறதே! அப்படியானால் நான் கட்டும் சேலையும் கணக்கில் வந்துவிட்டது என்று மாமியாரிடம் சொன்னேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். நன்றி.

#18 பழைய கரும்பலகை

அகராதிக்காரர்களும் மனிதர்களே. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட பெரும் அகராதியில் ‘கர்மட்ஜன்’ என்ற சொல் வருகிறது. சிடுசிடுக்கும் கஞ்சன் என்று பொருள். அதற்குப் பிரெஞ்சில் ‘தீய நெஞ்சம்’ என்று பொருள்படும் இரண்டு சொற்களை மூலமாகக் காட்டி, இதைத் தமக்கு எழுதி அனுப்பியவர் ‘பெயர் தெரியாத கடிதக்காரர்’ என்று நன்றியோடு குறித்தார். 1775-இல் ஜான் ஆஷ் என்பவர் தம் அகராதியில் அதைப் பெயர்த்து எழுதினார். எப்படி? முதல் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருள் ‘பெயர் தெரியாத’, இரண்டாவதற்குப் பொருள் ‘கடிதக்காரர்’ என்று! சரிபார்க்காமல் படியெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். அந்தச் சொல்லின் உண்மையான மூலமோ இன்றும் கிடைக்கவில்லை.

தொல்காப்பியர் உரியியலில் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்றார். சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்தவுடன் புலப்படாது. காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உடனே தோன்றாது என்கிறார். தேடுவதற்கு இடம் விட்டிருக்கிறார்.

#19 தேம்ஸ் ஓரம்

அம்மாவின் பதிவைப் படித்ததும் ‘கங்காரு’ நினைவுக்கு வந்தது. ‘இது என்ன விலங்கு?’ என்று ஆங்கிலேயர் கேட்டார்களாம், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ‘எனக்குத் தெரியாது’ என்று தம் மொழியில் சொன்னார்களாம், அதுவே பெயராயிற்றாம். நானும் பல வருடங்கள் இதை நம்பிப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உண்மை வேறு. 1770-இல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் பவளப்பாறையில் மோதிப் பழுதாகி, வடகிழக்குக் கரையில் ஓர் ஆற்று முகத்தில் வாரக்கணக்கில் நின்றது. அங்கே கப்பலில் வந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ், அப்பகுதிப் பழங்குடியினரான கூகு யிமிதிர் மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட பெயர் அது. 1820-இல் அதே இடத்துக்கு வந்த இன்னொரு கப்பல் தலைவர் கிங் கேட்டபோது வேறொரு சொல் கிடைத்தது. அந்த முரண்பாட்டில்தான் ‘தெரியாது’ கதைக்குப் பிடி கிடைத்தது. 1970-களில் ஜான் ஹேவிலாண்ட் என்ற மொழியியலாளர் அந்த மக்களோடு தங்கி மொழியைக் கற்றார். ‘கங்குர்ரு’ என்பது அவர்கள் மொழியில் பெரிய கங்காரு வகை ஒன்றின் பெயர். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். கிங் கேட்டது உண்ணத்தக்க விலங்கு என்ற பொதுச்சொல்லாக இருக்கலாம்.

எனக்கு நெஞ்சில் தைப்பது இது: இருநூறு வருடங்கள் அந்தச் சொல்லைப் பேசும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். புத்தகங்கள் அவர்களை ஒன்றும் தெரியாதவர்களாக எழுதின. போய்க் கேட்டிருந்தால் ஒரு நாளில் விடை கிடைத்திருக்கும். என் தாய்மொழியைப் பற்றியும் இப்படிக் கேட்காமலேயே எழுதப்பட்டவற்றைப் படித்திருக்கிறேன், ஆகவே கோபம் வருகிறது.

#20 கடற்காற்று

இந்த ‘கங்காரு’ பதிவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். ‘குவிஸ்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை எழுத வந்தேன்: 1791-இல் டப்ளின் நாடக அரங்க மேலாளர் ரிச்சர்ட் டேலி, பொருளே இல்லாத ஒரு சொல்லை ஒரே இரவில் ஊர் முழுவதும் பேசவைப்பதாகப் பந்தயம் கட்டிச் சுவர்களில் எழுதவைத்தார் என்று. அனுப்பும் முன் முதல் பதிவின் ஆண்டைத் தேடினேன். ஃபேன்னி பர்னி என்ற எழுத்தாளர் 1782-லேயே தம் நாட்குறிப்பில் விசித்திரமான மனிதரைக் குறிக்க அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். கதை விழுந்தது. சொல்லின் மூலம் தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

#21 வெண்ணாவல்

இழை இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. மகளுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். பழைய ஆங்கில ‘டாக்கா’வைக் கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதி, பக்கத்தில் 1050 என்று போட்டிருக்கிறாள். பிறகு நிமிர்ந்து, “அப்பா, அப்படியானால் நாய்க்கு நாய் என்று ஏன் பெயர்?” என்றாள்.

பழைய கரும்பலகை அம்மா, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

#22 பழைய கரும்பலகை

பேத்திக்குச் சொல்லுங்கள். சங்கப் பாடல்களில் நாயும் இருக்கிறது, ஞமலியும் இருக்கிறது, ஞாளியும் இருக்கிறது. தொல்காப்பிய மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிகளுக்கும் ‘குருளை’ என்ற பெயர் உண்டு. கன்னடத்தில் ‘நாயி’, துளுவில் ‘நாயி’, மலையாளத்தில் ‘நாய’. ஆகவே இந்த மொழிகளெல்லாம் பிரிவதற்கு முன்பே அந்தச் சொல் இருந்திருக்கிறது. ‘டாக்’ போல நடுவில் எங்கிருந்தோ வந்து குதித்ததல்ல, நம் நாய் தொடக்கத்திலிருந்தே வாசலில் படுத்திருக்கிறது. அதற்கும் முன்னால், அந்த ஓசைக்கு அந்தப் பொருள் ஏன் அமைந்தது என்றால், எனக்குத் தெரியாது, கண்ணே.

தெலுங்கில் மட்டும் ‘குக்க’ என்கிறார்கள். பழைய சொல் அங்கே எப்போது, ஏன் ஒதுங்கியது? தெலுங்கு இலக்கியம் படித்தவர்கள் இந்த இழையில் இருந்தால், தேதியோடு எழுதுங்கள்.